உரக்க வாசி

மறியற்சாலை,
11.02.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்களை ஒரு நோயும் அண்டக்கூடாது எண்டு சந்நிதி முருகனைக் கும்பிட்டுக்கொண்டு தம்பி கோகுலன் எழுதுறன். என்ரை சுகத்துக்குக் குறைவில்லை. நெஞ்சிலை சளி இருந்தது, இப்ப விட்டிட்டுது.

இஞ்சை கிழமையிலை ஒருக்கால் போன் கதைக்க விடுவினம். என்ரை குரலைக் கேட்டால் நீங்கள் வைச்சிடுவியள், அதாலைதான் கடிதம். என்ரை மனிசி ஜெசிதாவுக்கும் எழுதிப் பாத்தன். அவ குருநகரிலை தாய் வீட்டிலை இல்லையாம், குவைத்துக்குப் போட்டாவாம். வேறை ஆருக்கு எழுதுறது.

நிருஷனைப் பற்றி எழுத எனக்கு முகமில்லை. அவனைப் படகிலை கூட்டிக்கொண்டு போனது நான், அவன் இல்லாமல் கரைக்கு வந்ததும் நான். கோட்டிலை வழக்கு விளங்கேக்கை எல்லாம் சொல்லி முடிஞ்சுது. நீங்கள் கடைசி வாங்கிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். அதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்ல. இது வேறை விசயம். வாசிச்சுப்போட்டுக் கிழிச்சாலும் கிழிப்பியள்.

எங்கடை கட்டடத்திலை ஒரு ரீவி இருந்தது. பின்னேரம் ஆறரைக்கு ஒரு இந்திய நாடகம் போகும். வைதேகி எண்டு ஒரு தாய், கோயில் வாசலிலை பூ விக்கிறவ. அவவுக்கு ஒரே மகன், முகிலன். ரயில் விபத்திலை செத்துப்போனான் எண்டு சொல்லி, வேறை ஆற்றையோ உடம்பைக் குடுத்துக் கிரியையும் செய்விச்சுப்போட்டினம். ஆனால் பெடியன் சாகேல்லை. தலையிலை அடிபட்டு, தான் ஆர் எண்டே தெரியாமல் ஒரு செங்கல் சூளையிலை கிடந்து வேலை செய்யிறான். பாக்கிற எங்களுக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. தாய்மாமன் தணிகாசலம் மட்டும் அவன் செத்ததை நம்பாமல் ஊர் ஊராய்த் தேடித் திரியிறார்.

போன மாதம் கிரிக்கெட்டோ நாடகமோ எண்டு இஞ்சை ரெண்டு பகுதி அடிபட்டதிலை ரீவி விழுந்து உடைஞ்சு போச்சு. இனி வேறை தரமாட்டினமாம். மாமன் சூளை இருக்கிற ஊருக்கு பஸ் ஏறினதோடை எங்களுக்கு நாடகம் நிண்டிட்டுது. நம்பமாட்டியள், கொலை வழக்கிலை இருக்கிறவன் கூட, "பெடியன் தாயிட்டைச் சேந்திருப்பானோ" எண்டு கேட்டுக்கொண்டு திரியிறான்.

உங்கை அந்தச் சனல் எடுபடும். ஒருக்கால் பாத்துப்போட்டு, என்ன நடந்தது எண்டு ரெண்டு வரி எழுதுவியளோ.

உங்களுக்குக் கரைச்சல் தாறதுக்கு மட்டுமே பிறந்த தம்பி,
கோகுலன்

—

மறியற்சாலை,
07.04.2024

அன்பின் அக்காவுக்கு,

வருசப் பிறப்பு வருகுது. நீங்கள் கொண்டாடமாட்டியள், எனக்குத் தெரியும். நல்லாய் இருங்கோ எண்டு மட்டும் சொல்லுறன். நான் இருக்கிறன்.

போன கடிதம் கிடைச்சிருக்கும். கோவிச்சிருப்பியள். பிள்ளையைத் துலைச்சவன் நாடகக் கதை கேக்கிறானே எண்டு. எனக்கே வெக்கமாய்த்தான் இருக்கு. நான் வீட்டிலை இருந்த காலத்திலை நாடகம் பாக்கிறவையைப் பகிடி பண்ணுறனான். நீங்கள் அழுதுகொண்டு பாக்க ரீவியை நிப்பாட்டிப்போட்டு ஓடினவன் நான்.

இப்ப எனக்கு என்ன நடந்தது எண்டு எனக்கே தெரியேல்லை. முகிலன் சூளையிலை கல்லுச் சுமக்கேக்கை எனக்குத் தோள் நோகுது. அவன் சாகேல்லை எண்டு எங்களுக்கு மட்டும் தெரியிறது எவ்வளவு பெரிய ஆறுதல் எண்டு எழுதத் தெரியேல்லை அக்கா. ஒருநாள் கதவைத் தட்டுவான் எண்டு நினைச்சுக்கொண்டு படுக்கலாம்.

எழுத விருப்பமில்லை எண்டால் ‘இல்லை’ எண்டு ஒரு சொல் எழுதிவிடுங்கோ. பிறகு கேக்கமாட்டன்.

தம்பி,
கோகுலன்

—

தொண்டைமானாறு,
19.05.2024

கோகுலனுக்கு,

உன்ரை ரெண்டு கடிதமும் கிடைச்சுது. நான் சுகம். சுகமில்லாமல் போக இந்த உடம்புக்கு என்ன இருக்கு. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார். நீ கன காலம் இருக்க வேணும்.

வீட்டு ரீவி ரெண்டு வருசமாய்ச் சீலை போத்துக் கிடந்தது. நிருஷன்ரை செத்தவீட்டண்டு மூடினது, பிறகு நான் திறக்கேல்லை. உன்ரை ரெண்டாவது கடிதம் வந்தாப்போலை சீலையை எடுத்துத் தூசி தட்டினன். கேபிள்காரனைக் கூப்பிட்டு வயரும் மாத்துவிச்சன்.

“வலையெடுத்துக்கொண்டு வாறதுக்கு முல்லைத்தீவுக்குப் போறம், மருமோனையும் விடுங்கோ” எண்டு கேட்டுத்தான் நீ அவனைக் கூட்டிக்கொண்டு போனனி. கஞ்சாப் பொதியெண்டு சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பனோ. கோட்டிலை அந்த நேவிப் பெடியன் சொன்ன சாட்சியத்திலை ஒரு சொல்லையும் நான் மறக்கேல்லை. இதை ஒருக்கால்தான் எழுதுறன். இனி எழுதமாட்டன்.

நாடகம் எழுதுறன். கிழமை கிழமையாய்ப் பாத்து, மாதம் ஒரு கடிதம் போடுறன். ஆனால் ஒண்டு. கடிதத்தை நீ தனிய வாசிக்கக் கூடாது. கேக்க விரும்புற எல்லாரையும் சுத்தி இருத்திப்போட்டு உரக்க வாசி. அவையளும் ஆசைப்பட்டவை எண்டு நீதானே எழுதினனி. முதல் வரியிலையிருந்து கடைசி வரி மட்டும் ஒண்டும் விடாமல் வாசிக்க வேணும். சந்நிதியான் சாட்சி எண்டு எழுதி அனுப்பு.

இப்போதைக்கு இவ்வளவும் கேள், விட்டுப்போனதைப் பக்கத்து வீட்டு ஞானாம்பிகை மாமி சொன்னவ. மாமன் தணிகாசலம் பஸ்ஸாலை இறங்கிச் சந்தையிலை முகிலன்ரை படத்தைக் காட்டி விசாரிக்கிறார். ஒரு தேத்தண்ணிக் கடைக்காரன் படத்தைப் பாத்துத் திடுக்கிடுறான், ஆனால் தெரியாது எண்டு சொல்லுறான். சூளை முதலாளியின்ரை ஆள் அவன். அங்கை வைதேகிக்குக் காய்ச்சல். காய்ச்சலோடையும் பூவைக் கட்டி வைச்சிட்டு, ரெண்டு பேருக்குச் சோறு போடுறா.

உன்ரை அக்கா,
உதயகலா

—

மறியற்சாலை,
23.06.2024

என்ரை அன்பு அக்காவுக்கு,

நீங்கள் தலையிடி, கால்நோவு ஒண்டும் இல்லாமல் இருக்கிறியளோ. கடிதம் கண்டண்டைக்கு நான் சோறு தின்னேல்லை, சந்தோசத்திலை. சந்நிதியான் சாட்சியாய் எல்லாரையும் இருத்தித்தான் வாசிக்கிறன். ஒரு சொல்லும் விடமாட்டன்.

நீங்கள் நிருஷனைப் பற்றி எழுதின இடத்தையும் வாசிக்க வெளிக்கிட்டன். ஏலேல்லை. அதை மட்டும் விட்டிட்டன். அந்தக் கடிதம் வரேக்கை நான் இன்னும் சத்தியம் செய்யேல்லைத்தானே, பொறுத்துக்கொள்ளுங்கோ. இஞ்சை ஒருத்தருக்கும் அது தெரியாது. கஞ்சா வழக்கு எண்டு மட்டும் தெரியும்.

மற்றதெல்லாம் வாசிச்சன். வைதேகி ரெண்டு பேருக்குச் சோறு போடுறா எண்ட இடத்திலை ஒரு கிழவர் எழும்பிப் போட்டார். சாவகச்சேரிப் பெடியன் பிரவீணன் என்ரை பக்கத்துப் பாயிலை படுக்கிறவன். அவன் சிங்களப் பெடியள் ரெண்டு பேருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுறான். அவையள் தேத்தண்ணிக் கடைக்காரனைத் தூசணத்தாலை பேசினவை.

இஞ்சை எல்லாருக்கும் மாமனைத்தான் பிடிக்கும். எனக்கும். செருப்புத் தேய்ஞ்சு போச்சு, மனிசன் நிக்கிறேல்லை. அக்காவின்ரை முகத்தை வெறுங்கையோடை பாக்கேலாது எண்டு ஒரு இடத்திலை சொல்லுவார். ரீவி உடையமுதல் நாங்கள் பாத்தது அது. அதை நான் எத்தினை தரம் எனக்குள்ளை சொல்லிப் பாத்திருப்பன்.

தேத்தண்ணிக் கடைக்காரன் பிறகு உண்மையைச் சொல்லுவானோ. கெதியாய் எழுதுங்கோ.

உங்கடை கடிதத்தாலை சீவிக்கிற தம்பி,
கோகுலன்

—

தொண்டைமானாறு,
21.07.2024

தம்பி கோகுலனுக்கு,

வெயில் கொளுத்துது. எனக்குக் கண் கொஞ்சம் எரிவு, மற்றப்படி நல்லாய்த்தான் இருக்கிறன். உன்ரை சளி திரும்ப வராமல் பார்.

ஆறரைக்கு இப்ப ஞானாம்பிகை மாமியும் வாறா. அவையின்ரை ரீவியிலை படம் ஆடுதாம். நடுவிலை கதைச்சுக்கொண்டே இருப்பா. நேற்று நான் ஏசிப்போட்டன், வைதேகி கதைக்கேக்கை வாயை மூடச் சொல்லி. எனக்கே ஆச்சரியமாய் இருந்தது. உனக்கு எழுதத்தான் பாக்கத் தொடங்கினன். இப்ப ஞாயிற்றுக்கிழமையிலை நாடகம் இல்லை எண்டால் எனக்கு என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை.

கேள். தேத்தண்ணிக் கடைக்காரன்ரை பெண்சாதி நல்லவள். புருசனுக்குத் தெரியாமல் மாமனை ஒழுங்கைக்குக் கூப்பிட்டு, ஆத்துக்கு அங்காலை சூளையிலை அந்தப் பெடியன் இருக்கிறான் எண்டு சொல்லிப்போட்டாள். மாமன் அப்பிடியே நிலத்திலை குந்தி அழுதார். முகிலன் அதே நேரம் சூளையிலை ஈரக் கல்லிலை விரலாலை பூ கீறுறான். என்னெண்டு பூ கீறத் தெரியும் எண்டு கூட இருக்கிறவன் கேக்க, தெரியாது எண்டு சொல்லிச் சிரிக்கிறான். தாய் பூ விக்கிறவ எண்டு அவனுக்கு ஞாபகம் இல்லை. கைக்கு ஞாபகம் இருக்கு.

வைதேகியிட்டை ஒரு சாத்திரக்காரன் வந்து மகனுக்குத் திவசம் செய் எண்டு சொல்ல, அவ செருப்பை எடுத்தா. மாமி கைதட்டினா. நான் தட்டேல்லை. திவசம் செய்யாமல் இருக்க அவவுக்குக் குடுத்துவைச்சிருக்கு. நான் கீரிமலையிலை முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் செய்து முடிச்சு ரெண்டு திவசமும் குடுத்திட்டன்.

இப்ப மாமன் சூளை வாசலிலை நிக்கிறார். காவல்காரன் நாயை அவிட்டுவிட்டிருக்கிறான். இதோடை இந்தக் கிழமை முடிஞ்சுது.

எல்லாரும் கேக்கினம்தானே. உரக்க வாசிக்கிறாய்தானே.

அக்கா,
உதயகலா

—

மறியற்சாலை,
25.08.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கடை கண்ணெரிவு எப்பிடி. நந்தியாவட்டைப் பூவைத் தண்ணியிலை போட்டுக் கழுவுங்கோ. நான் நல்ல சுகம், உண்மையாய்.

சந்நிதிக் கொடியேற்றம் வருகுது எண்டு இஞ்சை அஞ்சாறு பேர் விரதம். முகிலன் தாயிட்டைப் போய்ச் சேர வேணும் எண்டுதான் விரதம். கேட்டால் சிரிப்பியள். கொலைகாரனும் களவெடுத்தவனும் நாடகத்திலை வாற ஒரு பெடியனுக்காகச் சோறு விடுறாங்கள். ஜெயிலர் ஐயா உங்கடை கடிதத்தைச் சோதிக்கேக்கை தானும் வாசிக்கிறாராம். போன முறை கையிலை தரேக்கை, “நாய் கடிச்சதோ இல்லையோ எண்டு அடுத்ததிலை எழுதச் சொல்லு” எண்டார்.

பூ கீறின இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுகினம். நீங்கள் இவ்வளவு வடிவாய் எழுதுவியள் எண்டு எனக்குத் தெரியாது.

பிரவீணன் சொல்லுறான், மாமனைச் சூளைக்காரர் அடிச்சுக் கொலை செய்துபோடுவினம், பெடியன் மட்டும் தப்பி வருவான் எண்டு. நான் சொன்னன், அப்பிடிச் செத்தாலும் அந்த மாமனுக்குக் குறையில்லை எண்டு. பெடியனைக் கரை சேர்த்துப்போட்டுச் சாகிறது நல்ல சாவு. அதை விட்டிட்டு வந்து இருக்கிறதுதான் பொல்லாதது.

இதுக்கு மேலை எழுதமாட்டன். உங்களுக்கு விளங்கும்.

காத்திருக்கிற தம்பி,
கோகுலன்

—

தொண்டைமானாறு,
29.09.2024

கோகுலனுக்கு,

நல்லாய் இருக்கிறாய் எண்டு எழுதினனி. அப்பிடியே இரு. என்னைப் பற்றி யோசியாதை.

இந்த மாதம் நிறைய நடந்திட்டுது. எல்லாரையும் கிட்ட இருத்து. உன்ரை சத்தியத்தை நினைச்சுக்கொண்டு வாசி.

நாய் கடிக்கேல்லை. மாமன் உள்ளை போய் முகிலனைக் கண்டார். பெடியன் நீங்கள் ஆர் எண்டு கேக்க, நான் உன்ரை மாமன், அம்மாவிட்டைப் போவம் எண்டார். பெடியனுக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை, ஆனாலும் எழும்பி வந்தான். மாமன் எண்டு சொன்னால் நம்பத்தானே வேணும். சூளைக்கும் ஊருக்கும் நடுவிலை கடல் மாதிரி ஒரு ஆறு. ஒரு எஞ்சின் படகிலை ரெண்டு பேரும் ஏறுகினம்.

அங்கைதான் எங்களுக்கு உண்மை தெரிய வந்தது. மாமன் பெடியனைத் தேடி மட்டும் வரேல்லை. படகின்ரை அடியிலை சாக்காலை மூடின பொதியள். அதை அக்கரையிலை சேர்க்க அவருக்கு ஒரு கை உதவி வேணும். கேள்வி கேக்காத, தன்னை நம்புற ஒரு கை. அதுக்குத்தான் பெடியன்.

விடியிற நேரம். பின்னாலை காவல்படகு வருகுது. நிப்பாட்டச் சொல்லிக் கூப்பிடுகினம். மாமன் எஞ்சினை முறுக்கிப் படகை வெட்டித் திருப்புறார். பெடியன் முன்பக்கம் அணியத்திலை நிண்டவன். தண்ணியிலை விழுந்திட்டான்.

விழுந்தவன் உடனை தாழேல்லை. அதை வடிவாய்க் காட்டினவை. அவனுக்கு நீந்தத் தெரியும், நீந்தப் பழக்கினதே மாமன்தான். தலை மேலை வருகுது. ஒரு கையைத் தூக்குறான். மாமா எண்டு கூப்பிடுறான். மாமன் திரும்பிப் பாக்கிறார். கண்டவர். கண்டது முகத்திலை தெரியுது. படகை மெதுவாக்கினால் பிடிபடுவார், பொதியளும் போகும். அவர் முன்னுக்குத் திரும்பி எஞ்சினை இன்னும் முறுக்கினார்.

துரத்தி வந்தவைதான் தங்கடை படகை நிப்பாட்டினவை. துரத்துறதை விட்டிட்டு, அந்த இடத்தைச் சுத்திச் சுத்தி வெயில் ஏறுமட்டும் தேடினவை. அவையளுக்கு அவன் ஆரோ ஒருத்தன். மாமனுக்கு அவன் அக்காவின்ரை பிள்ளை.

உடம்பு பிறகு கரையிலை ஒதுங்கினது. வைதேகியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவை. முகத்தாலை மட்டுக்கட்டேலாது. சேட்டிலை ஒரு பொத்தான் வேறை நிற நூலாலை தைச்சிருந்தது. அவ தைச்சது. அதாலைதான் ஆள் ஆர் எண்டு பிடிச்சவ.

கோகுலன், வாசிச்சு முடிச்சாப் பிறகு சுத்தி இருக்கிற ஆக்களைக் கேள், அந்த மாமனை என்ன செய்யலாம் எண்டு. விரதம் இருந்தவையையும் கேள். எனக்கு அவையின்ரை பதில் வேணும்.

உதயகலா

—

மறியற்சாலை,
10.11.2024

மதிப்புக்குரிய உதயகலா அக்காவுக்கு,

நீங்கள் சுகமாய் இருக்க இறைவன் துணை நிக்க வேணும். நான் பிரவீணன், சாவகச்சேரி. கோகுலன் அண்ணை என்னைப் பற்றி எழுதியிருப்பார். அவர் எழுதுற நிலையிலை இல்லை. ஆனால் நீங்கள் பதில் கேட்டிருந்தபடியால் நான் எழுதுறன்.

கடிதம் வந்தண்டு பின்னேரம் எல்லாரும் வட்டமாய் இருந்தம். அண்ணை வழமை போலை தொண்டையைச் செருமிப்போட்டு வாசிக்கத் தொடங்கினார். படகடியிலை பொதி எண்டு வர, நிப்பாட்டி ஒருக்கால் கடிதத்தைப் பாத்தார். சனம் விடேல்லை, வாசி வாசி எண்டு சத்தம் போட்டது. அவர் வாசிச்சார். ‘மாமா எண்டு கூப்பிடுறான்’ எண்ட வரியோடை நிப்பாட்டிப்போட்டார். கண் சரியில்லை எண்டு கடிதத்தை என்னட்டைத் தந்தார். நான்தான் மிச்சத்தை வாசிச்சன், உங்கடை கேள்வியும் சேத்து. எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா, நாடகம் எண்டுதான் வாசிச்சன்.

சனம் கொதிச்சுப் போச்சு. ஒருத்தர் சொன்னார், கையைக் காலைக் கட்டி அதே ஆத்திலை போடவேணும் எண்டு. கிழவர் சொன்னார், சாகவிடக் கூடாது, தாய்க்கு முன்னாலை இருத்தி வைக்க வேணும், ஒவ்வொரு நாளும் அவவின்ரை முகத்தைப் பாக்க வேணும் எண்டு. எல்லாரும் சொல்லி முடியுமட்டும் அண்ணை தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தார். பிறகு சொன்னார்,

“அந்த மாமன் நான்தான். அது நாடகம் இல்லை. என்ரை மருமோன்.”

முதலிலை ஒருத்தருக்கும் விளங்கேல்லை. விளங்கினாப் பிறகு ஒவ்வொருத்தராய் எழும்பிப் போட்டினம். அண்டையிலையிருந்து அவரோடை கதைக்கிறேல்லை. அவற்றை பாயைக் கக்கூசடிக்குத் தள்ளிப் போட்டிட்டினம். சாப்பாட்டுக்குக் கடைசி ஆளாய் நிக்கிறார். ஒண்டும் எதிர்த்துச் சொல்லுறேல்லை. நானும் கன நாள் கதைக்காமல்தான் இருந்தனான். நீங்கள் கேட்ட பதில் இதுதான் அக்கா.

இனி நான் ஒண்டு கேக்கிறன், பிழையெண்டால் மன்னியுங்கோ. போன கிழமை புதுசாய் ஒருத்தர் வந்தவர், மட்டக்களப்பு. அவர் சொல்லுறார், நாடகத்திலை முகிலன் சாகேல்லையாம், மாமன் கூட்டிக்கொண்டு போய்த் தாயிட்டை விட்டிட்டாராம். அரைவாசிப் பேர் அவரை நம்புகினம், அரைவாசிப் பேர் உங்களை. விரதம் இருந்தவை என்னை விடுகினம் இல்லை. எது உண்மை எண்டு எழுதுங்கோ.

பணிவுள்ள,
பிரவீணன்

—

தொண்டைமானாறு,
08.12.2024

தம்பி பிரவீணனுக்கு,

முகம் தெரியாத எனக்குச் சுகம் கேட்டு எழுதினனீர். நான் இருக்கிறன். வெள்ளம் வீட்டு முத்தம் மட்டும் வந்து வத்தினது. ஆத்துத் தண்ணியை மறிக்கிற பாலத்துக் கதவுகளைத் திறந்துவிட்டபடியால் வீடு தப்பினது. நீரும் உடம்பைப் பாத்துக்கொள்ளும்.

நீர் வாசிச்சதிலை உமக்குப் பாவம் இல்லை. சூளைக்குள்ளை மாமன் பெடியனைக் கண்டது மட்டும் நாடகம். படகிலை ஏறினதுக்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் கோட்டிலை நேவிக்காரன் சொன்னது, பொத்தான் மட்டும் நான் கண்டது. நாடகத்திலை படகே இல்லை. அவன்ரை வாயாலை அதை ஆக்களுக்கு முன்னாலை சொல்ல வைக்க வேணும் எண்டு இருந்தன். கோட்டிலை அவன் வழக்குப் பேசுற அப்புக்காத்துவை விட்டுத்தான் கதைச்சவன். தான் வாய் திறக்கேல்லை.

பாயைக் கக்கூசடிக்குத் தள்ளினதை வாசிச்சு நான் சந்தோசப்பட்டன். இதை ஒளிக்கேல்லை. அண்டைக்குத்தான் கன காலத்துக்குப் பிறகு எனக்குப் பசிச்சது.

முகிலன் வீட்டை வந்திட்டான். விரதம் இருந்தவையளுக்குச் சொல்லும். மாமன் அவனைக் கோயில் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வைதேகி குனிஞ்சு பூ அளந்துகொண்டிருந்தா. முழம் என்ன விலை எண்டு ஒரு குரல் கேக்குது. அவ நிமிரேல்லை. குரலைக் கேட்டவுடனை அளந்த கை அப்பிடியே நிண்டது. பெடியனுக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை, ஆனால் அவவின்ரை கையை உத்துப் பாத்துக்கொண்டு நிண்டான். பிறகு கீழை இருந்து நாரை எடுத்துப் பூக் கட்டத் தொடங்கினான். அவ்வளவும்தான். கட்டிப்பிடிச்சதெல்லாம் அடுத்த நாள் காட்டினவை, நான் பாக்கேல்லை.

ஞானாம்பிகை மாமி பக்கத்திலை இருந்து சந்தோசத்திலை அழுதா. என்ரை கையையும் பிடிச்சா. நான் கையை இழுத்தன். ஆறு மாதமாய் அந்த வைதேகிக்காக நானும் நேர்ந்தனான் தம்பி. அவளுக்குப் பிள்ளை வந்தவுடனை எனக்கு அவளைக் கண்ணிலை காட்டக் கூடாமல் போச்சு. ரீவியை நிப்பாட்டிப்போட்டு மாமியைப் போகச் சொன்னன். அதுக்குப் பிறகு மாமி இந்தப் பக்கம் வரேல்லை, நானும் கூப்பிடேல்லை.

கோகுலனுக்கு இதைச் சொல்லுறதும் சொல்லாததும் உங்கடை விருப்பம். நான் அவனுக்கு எழுத ஒண்டும் இல்லை.

உதயகலா

—

மறியற்சாலை,
19.01.2025

அக்காவுக்கு,

சுகம் கேக்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேக்காமல் எழுதத் தெரியேல்லை. எப்பிடி இருக்கிறியள்.

பிரவீணன் உங்கடை கடிதத்தை எல்லாருக்கும் வாசிச்சவன். முகிலன் வந்த இடத்திலை கைதட்டினவை. நான் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தன். எனக்கும் கேட்டது.

நீங்கள் செய்தது சரி. மன்னிப்பு எண்டு எழுதி எழுதி வெட்டிப்போட்டன். எழுதமாட்டன். மாமா எண்டு கூப்பிட்டது எனக்குக் கேட்டது. எஞ்சின் சத்தத்துக்கு மேலாலை கேட்டது. கோட்டிலை கேக்கேல்லை எண்டு அப்புக்காத்து சொன்னவர்.

பின்பக்கம் ஒண்டு எழுதியிருக்கிறன். இஞ்சை ஒருத்தருக்கும் காட்டேல்லை. விருப்பமில்லாட்டி அடுப்பிலை போடுங்கோ.

*நிருஷன் பாலத்தாலை நடந்து வாறான். உடுப்பெல்லாம் ஈரம். பின்னேர வெயில். ஆத்தங்கரையிலை நிண்டவை எல்லாரும் திகைச்சுப் பாக்கினம். அக்கா வாசலிலை நிக்கிறா. அம்மா எண்டு கூப்பிட்டுக்கொண்டு ஓடி வாறான். அக்கா ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறா. அம்மா பசிக்குது எண்டு சொல்லி அழுறான். அக்கா சோறு குழைச்சு ஊட்டிவிடுறா.*

இவ்வளவும்தான் எழுத வந்தது.

கோகுலன்

—

தொண்டைமானாறு,
16.02.2025

கோகுலன்,

நான் சாகேல்லை. நீயும் செத்துப்போகாதை, சாப்பிடு.

நீ எழுதினதை அடுப்பிலை போடத்தான் குசினிக்குக் கொண்டுபோனன். போடமுதல் ஒருக்கால் வாசிச்சன். பிறகு ஆத்திரத்திலை பேனையை எடுத்துக்கொண்டு வந்து இருந்திட்டன்.

உதிலை வாறது என்ரை பிள்ளை இல்லை. அது முகிலன். என்ரை பிள்ளை ஒருநாளும் பாலத்தாலை வந்ததில்லை. பின்வேலியிலை தென்னோலைக் கிடுகு பிஞ்ச இடத்தாலை பூந்து வருவான். நான் கட்டக் கட்ட அதைப் பிய்ப்பான். அம்மா எண்டு கூப்பிட்டுக்கொண்டு ஓடி வாற பிள்ளையோ அவன். கிணத்தடியிலை நிண்டுகொண்டே என்ன கறி எண்டு கேப்பான். கத்தரிக்காய் எண்டால் மூஞ்சையை நீட்டுவான். பசிக்குது எண்டு சொல்லமாட்டான், நேரை வந்து சட்டியைத் திறப்பான். அழமாட்டான். தேப்பன் செத்தண்டைக்கும் எனக்கு முன்னாலை அழாதவன், உன்ரை கடிதத்திலை வந்து அழுவானோ.

நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவும் மாட்டன். நான் ஏசுவன். எங்கையடா போனனி, போனை ஏன் எடுக்கேல்லை எண்டு விடிய மட்டும் ஏசுவன். குளிச்சு மாத்தின ஈரச் சாரத்தைக் கதிரையிலை போடுவான், அதுக்கும் ஏசுவன். பத்தொன்பது வயசுப் பெடியனுக்கு ஆர் சோறு ஊட்டுறது. பொரிச்ச மீன்ரை தலையை அவன் ஆருக்கும் குடுக்கமாட்டான். அதை எழுதத் தெரியாதோ உனக்கு. எத்தினை நாள் அவனோடை ஒரு சோத்துக் கோப்பையிலை சாப்பிட்டிருப்பாய்.

இன்னுமொண்டு. அவன் பாலத்தாலை நடந்து வாறானாம். எங்கையிருந்து வாறான். ஆர் கொண்டுவந்து விட்டது. படகு ஓட்டினவன் உதிலை ஒரு வரியிலையும் இல்லை. நீ உன்னை வடிவாய் ஒளிச்சுக்கொண்டு பிள்ளையை மட்டும் அனுப்பப் பாக்கிறாய். அப்பிடி அவன் வரமாட்டான்.

நான் உன்னை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதை. சாகுமட்டும் மன்னிக்கமாட்டன். ஆனால் எனக்கு அவன் வீட்டை வர வேணும். வைதேகிக்கு வந்தமாதிரி இல்லை, அவன் வாறமாதிரி வர வேணும். அவனை இவ்வளவும் தெரிஞ்ச ஆக்கள் இந்த உலகத்திலை இப்ப நானும் நீயும்தான். எனக்கு எழுத வரேல்லை, இருந்து பாத்தன். அதாலை நீதான் எழுத வேணும். அண்டைக்கு விடிய நடந்ததிலையிருந்து எழுது. எழுதினதை அங்கை எல்லாருக்கும் உரக்க வாசிச்சுப்போட்டு எனக்கு அனுப்பு. பிழையிருந்தால் பேனையாலை அடிச்சுத் திருப்பி அனுப்புவன், நீ திரும்பவும் எழுத வேணும். உனக்கு இன்னும் நாலு வருசம் மறியல் கிடக்கு.

பிள்ளை தண்ணியிலை கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறான். முதலிலை படகைத் திருப்பு.

உதயகலா